கடலே இல்லாத கள்ளக்குறிச்சியில் கரைப்பறவைகள்... 1,140 க்ளிக், ஒரு ‘ஷார்ப்’ போட்டோகூட இல்லை!

“பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். வரும்போது கள்ளக்குறிச்சி ஏரிப் பறவைகள் பத்தி ஒரு போட்டோ ஸ்டோரியோட வர்றேன்” என்று ஆபீஸ் மீட்டிங்கில் வாயைக் கொடுத்தேன். எல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான். டிஜிட்டல் டெஸ்க்கில் நாள் முழுக்க அடுத்தவர் எடுத்த படங்களுக்கு கேப்ஷன் எழுதுவது என் வேலை. டிப்ளமோ படித்தபோது போட்டோகிராபி பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவள் என்ற தைரியம் உள்ளுக்குள் இருந்தது. கையில் ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமரா. சென்னையில் ஒரு கடையில் 150-600 எம்.எம் லென்ஸை நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் பையைத் திறந்து பார்த்த அம்மா, “என்னாடி இது, பீரங்கி மாதிரி?” என்றார்.

நான்கு நாள் லீவு. 1,140 க்ளிக். கடைசி நாள் ராத்திரி எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி, பறவையின் கண் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கறை இருந்தது. அடுத்த படம், கறை. அதற்கடுத்தது, இன்னும் பெரிய கறை. சில படங்களில் பறவைக்கு முன்னால் நின்ற கோரைப்புல் நார் நாராகத் தெரிந்தது. சிலவற்றில் பறவைக்குப் பின்னால் காய்ந்து வெடித்திருந்த சேறு அட்டகாசமாக இருந்தது. மீதிப் படங்களில் எதுவுமே தெளிவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து எடுத்தது போல எல்லாம் நெளிந்தன. கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது அத்தனையும் அழகாக இருந்தன என்பதுதான் கொடுமை.

“குருவி எங்கடி?” என்று எட்டிப் பார்த்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

கடல் எங்கே, கள்ளக்குறிச்சி எங்கே?

கரைப்பறவை என்றதும் மெரினாவும் கோடியக்கரையும்தான் நினைவுக்கு வரும். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. மேற்கே கல்வராயன் மலை, கீழே கரும்பும் நெல்லும் மரவள்ளியும், நடுவில் ஏரிகள், கோமுகி அணை, மணிமுக்தா அணை. இங்கே கரைப்பறவைக்கு என்ன வேலை?

அவற்றுக்குக் கடல் முக்கியமில்லை, சேறுதான் முக்கியம். உள்ளான், உப்புக்கொத்தி, ஆள்காட்டி என்று நம் ஊரில் சொல்லும் இந்தக் கூட்டம் தண்ணீரும் தரையும் சேரும் விளிம்பில் வாழ்கிறது. ஈரச் சேற்றில் அலகைக் குத்தி, புழுவையும் பூச்சியையும் எடுத்துத் தின்கிறது. அந்த விளிம்பு கடலோரமாகவும் இருக்கலாம், ஏரியோரமாகவும் இருக்கலாம், அறுவடை முடிந்து தண்ணீர் நிற்கும் வயலாகவும் இருக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியிருக்கும்போது சேறு தண்ணீருக்கடியில் போய்விடும். தை, மாசியில் பாசனத்துக்குத் தண்ணீர் குறையக் குறைய, கரையோரம் சேறு அகலமாக விரியும். 46 அடி கொள்ளளவுள்ள கோமுகி அணையிலும் இதே கதைதான். அணை மட்டம் இறங்குகிறது என்றால் விவசாயிக்குக் கவலை, உள்ளானுக்கு விருந்து.

வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். கொசு உள்ளான் என்று ஒன்று உண்டு. உங்கள் உள்ளங்கையில் அடங்கும். எடை 30 கிராமைத் தாண்டுவது அபூர்வம். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் பகுதியின் பனிச்சமவெளியில். குளிர் வருமுன் கிளம்பி இந்தியா வரை வந்து, நம் ஏரிச் சேற்றில் மாசி, பங்குனி வரை தின்று கொழுத்து, மறுபடி வடக்கே போகிறது. இந்தக் குடும்பத்தின் பயணங்கள் நம்ப முடியாதவை. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் இனத்தைச் சேர்ந்த ஐந்து மாதப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவு வரை 13,560 கி.மீ தூரத்தை 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்து முடித்தது. அதன் முதுகில் பொருத்தியிருந்த செயற்கைக்கோள் கருவி சொன்ன கணக்கு இது.

பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் கழுவெளிக்கு இந்தப் பறவைகளால் பெரிய பெயர் உண்டு. 2021-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. எங்கள் ஊர் ஏரிகளுக்கு அப்படிப் பலகை எதுவும் இல்லை. ஆடு மேய்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், இந்தப் பறவைகள். அவ்வளவுதான். ‘நம்ம ஊர்ல யாரும் பார்க்காததை நாம காட்டணும்’ என்ற ஆசையில்தான் நான் வாயைக் கொடுத்தது.

தெளிவான படம் வேண்டும் என்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. இந்தக் குடும்பத்தில் பல பறவைகள் ஒரே அச்சு. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதன் நெருங்கிய சொந்தமான டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த நிறம். பட்டாணி உப்புக்கொத்தியின் கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் இருக்கும். அந்த வளையம் தெரியவில்லை என்றால் எந்த உப்புக்கொத்தி என்று சொல்லவே தயங்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் சில பறவைகளின் காலில் எழுத்து பொறித்த வண்ணப்பட்டை மாட்டி விடுகிறார்கள். அதைப் படிக்கிற மாதிரி ஒரு படம் கிடைத்தால், அந்தப் பறவை எங்கே பிடிக்கப்பட்டு எங்கே வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். என் படங்களில் காலே தெரியவில்லை, எழுத்துக்கு எங்கே போக?

“லென்ஸ் மேல தப்பில்லம்மா”

லென்ஸ் பழுது என்று முடிவுகட்டி, கடைக்காரரிடம் சண்டை போடும் வசனங்களை மனதில் தயார் செய்துவைத்திருந்தேன். ஊருக்குத் திரும்பும் நாள் காலையில், எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாவிடம் காட்டினேன். என் காதுகுத்துக்குப் படம் எடுத்தவர் அவர். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு எழுந்து போய், கடை வாசலில் கிடந்த சிமென்ட் மூட்டையை ஒரு முப்பது அடி தள்ளி நிறுத்தினார். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, மூட்டையில் அச்சடித்திருந்த எழுத்தின் மீது ஃபோகஸ் செய்து பத்து படம் எடுத்தார். பத்திலும் எழுத்து பளிச்.

“லென்ஸ் மேல தப்பில்லம்மா. மூட்டை ஓடல பாரு!”

டி.எஸ்.எல்.ஆர் கேமராக்களில் சில சமயம் லென்ஸும் கேமராவும் ஒத்துப்போகாமல் ஃபோகஸ் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழும் என்பது நிஜம்தான். பல மாடல்களில் மெனுவிலேயே அதைச் சரிசெய்ய வழி உண்டு. ஆனால் அந்தப் பழியைப் போடும் முன்பு மூட்டைச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. எனக்கு ஒரு சண்டை மிச்சமானது.

பிறகு அண்ணா படங்களை மூன்றாகப் பிரித்தார். படத்தில் வேறு ஏதாவது ஓர் இடம் தெளிவாக இருந்து பறவை மட்டும் மங்கல் என்றால், அது ஃபோகஸ் தவறு. எல்லாமே ஒரே திசையில் இழுத்தது போலவோ இரட்டையாகவோ தெரிந்தால், அது கை ஆட்டம் அல்லது ஷட்டர் வேகம் போதாத கோளாறு. விளிம்புகள் எல்லாம் நெளிநெளியாக இருந்தால், அது காற்று. “மூணும் வேற வேற வியாதி. நீ மூணுக்கும் ஃபோகஸ்னு ஒரே பேர் வச்சிருக்க” என்றார். கல்யாண ஆல்பம் போடுகிறவர் இவ்வளவு யோசித்திருப்பார் என்று நான் நினைத்ததில்லை. அது என் திமிர்.

முதல் வியாதியைப் பார்ப்போம். கேமராவுக்குப் பறவை தெரியாது. டி.எஸ்.எல்.ஆரின் ஃபோகஸ் சென்சாருக்குத் தெரிவதெல்லாம் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோடு. பழுப்பு நிறப் பறவை, பழுப்புச் சேற்றில் நிற்கிறது. அதன் இறகில் அழுத்தமான கோடே இல்லை. ஆனால் முன்னால் நிற்கும் புல்லின் விளிம்பில் இருக்கிறது, பின்னால் தண்ணீரில் மின்னும் அலையில் இருக்கிறது. கேமரா பாவம், தனக்குப் பிடி கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. நான் வேறு நிறைய ஃபோகஸ் புள்ளிகளை ஒன்றாகத் திறந்துவிட்டிருந்தேன். ‘எங்க வேணாலும் போய் மேஞ்சுக்கோ’ என்று மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி. ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதைப் பறவையின் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் வைக்கச் சொன்னார் அண்ணா. அந்தச் சின்னச் சதுரத்தை 600 எம்.எம்மில், ஓடுகிற ஓர் உள்ளானின் கழுத்தில் வைத்துப் பாருங்கள். ஊசியில் நூல் கோக்கும்போது யாரோ ஊசியை ஆட்டுவது போல இருக்கும்.

சில நேரம் பிடி எதுவுமே கிடைக்காமல், லென்ஸ் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ‘விர்ர்...’ என்று போய்த் திரும்பும். அந்த மூன்று நொடியில் பறவை அடுத்த ஏரிக்குப் போயிருக்கும். இதைக் குறைக்கத்தான் பெரிய லென்ஸ்களில் லிமிட்டர் என்று ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட தூரத்துக்கு உள்ளே தேட வேண்டாம் என்று லென்ஸுக்குச் சொல்வது. பிப்ரவரியில் மறுபடி லென்ஸை வாடகைக்கு எடுத்து, புத்திசாலித்தனமாக அதை 10 மீட்டருக்கு மேல் என்று போட்டுவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். பொறி உள்ளான் ஒன்று, என்னைப் பொருட்படுத்தாமல், எட்டு மீட்டர் தூரத்துக்கு நடந்தே வந்தது. லென்ஸ் ஃபோகஸ் ஆக மறுத்தது. ஏன் என்று புரிந்து நான் சுவிட்சைத் தேடுவதற்குள் அது சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. சுவிட்சைக் கண்டுபிடித்தவரைத் திட்டுவதா, என்னையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இரண்டாவது வியாதிக்கு மருந்து சுலபம். ஷட்டர் வேகத்தை 1/2000 அளவுக்கு ஏற்றுங்கள், ஐ.எஸ்.ஓ கூடினால் கூடட்டும். புள்ளி புள்ளியாக இருந்தாலும் தெளிவான படம், வழவழப்பான மங்கல் படத்தைவிட மேல்.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. கானல். வெயிலில் சூடான தரைக்கு மேலே காற்று அடுக்கடுக்காகக் கொதிக்கிறது. ஒளி அந்த அடுக்குகளில் வளைந்து வளைந்து வருகிறது. எவ்வளவு தூரம் அந்தக் காற்றைத் தாண்டிப் பார்க்கிறோமோ அவ்வளவு கெடுதல். தார் ரோட்டில் தண்ணீர் தேங்கியது போலத் தெரியுமே, அதேதான். லட்ச ரூபாய் லென்ஸும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பெரிய லென்ஸ் பறவையைப் பெரிதாக்குவது போலவே கானலையும் பெரிதாக்கும். ஏரிக்கரையில் காலை ஒன்பது மணிக்கு மேல் தூரத்துப் பறவையை எடுப்பது வீண் என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. சரி, விடிகாலை என்றால்? தை மாதக் குளிரில் காற்றைவிட ஏரித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் அப்போதும் நெளியும். ஒருநாள் வாடகைக் காரில் ஏ.சி போட்டுக்கொண்டு ஜன்னலை இறக்கி எடுத்தேன். உள்ளே இருக்கும் குளிர் காற்றும் வெளிக்காற்றும் கலக்கும் இடம் லென்ஸுக்கு நேர் முன்னால். அந்த நாளும் போனது.

அப்படியானால் கிட்டே போவதுதான் வழி. கிட்டே போனால் வேறொரு தண்டனை காத்திருக்கிறது. என்னுடையது போன்ற சின்ன சென்சார் கேமராவில், 600 எம்.எம், எஃப் 6.3 வைத்து 10 மீட்டரில் இருக்கும் பறவையை எடுத்தால், படத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 7 சென்டிமீட்டர். 30 மீட்டரில் அது 60 சென்டிமீட்டரைத் தாண்டும். பட்டாணி உப்புக்கொத்தியின் மொத்த நீளமே ஒரு சாண் வராது, 16 சென்டிமீட்டர்தான். அது என்னைப் பார்த்து நின்றால் அலகு தெளிவு, வால் மங்கல். கண்ணைத் தவறவிட்டு முதுகில் ஃபோகஸ் விழுந்தால் முடிந்தது கதை. தூரமாக நின்றால் காற்று கெடுக்கிறது, கிட்டே வந்தால் ஆழம் கெடுக்கிறது. பறவை பக்கவாட்டில் திரும்பி நிற்கும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும்.

யானைக்கு எடுத்தவர் உள்ளானுக்கு என்ன சொல்லியிருப்பார்?

இந்தப் புலம்பலுக்கு நடுவே மா.கிருஷ்ணனைப் பற்றிப் படித்தேன். எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர். ‘ஸ்டேட்ஸ்மேன்’ இதழில் 1950-லிருந்து 1996-ல் மறையும் வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவர், பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டார். அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் ‘சூப்பர் பாண்டிரோசா’. ஃபோகஸ் எல்லாம் கையால் திருகுவதுதான். ஃபிலிமைக் கழுவும் வரை படம் தெளிவா இல்லையா என்று தெரியாது. 1,140 படம் எடுத்துவிட்டு அழும் வசதி அவருக்கு இல்லை.

தானாக ஃபோகஸ் செய்யும் வசதியை கேமராவுக்குள்ளேயே வைத்து மினோல்டா 7000 வந்தது 1985-ல். பறவையை அடையாளம் கண்டு கண்ணைத் தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமராக்கள் 2020 வாக்கில் கேனானிலும், அடுத்த ஆண்டு சோனியிலும் வந்தன. உபயோகித்தவர்கள் சொல்வதைக் கேட்டால் பொறாமையாக இருக்கிறது. முன்னால் நிற்கும் புல்லை இவை பெரும்பாலும் கண்டுகொள்வதில்லையாம். விலையைக் கேட்டால் பொறாமை அடங்கிவிடுகிறது. அதிலும் கானல் கானல்தான்.

நடுவில் ஒரு ஞாயிறு, மாற்றத்துக்காக மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து ஏறும்போதே காது குளிர்ந்தது. கரியாலூருக்கு அருகே ஓர் ஓடையில், பாறை மேல் ஒற்றை உள்ளான். நிழல், ஈரம், குளிர்ந்த காற்று, கானல் இல்லை. பறவைக்கும் எனக்கும் நடுவே புல்லும் இல்லை. ஆனால் இந்த வகை உள்ளானுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிற்கும்போதும் பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். தலை ஃபோகஸில், வால் இரண்டாக. மலைவாழ் சிறுவர்கள் மூன்று பேர் என் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவன், “அக்கா, அது நிக்காதுக்கா” என்றான். நிற்கவில்லை.

ஒரே ஒரு படம்

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. எந்த ஏரி என்று சொல்ல மாட்டேன். ஊர்ப்பெயர்கூட வேண்டாம்.

தண்ணீர் நன்றாக வற்றி, கூழாங்கல்லும் காய்ந்த சேறுமாக ஓர் அகலமான மேடு வெளியே வந்திருந்தது. தரையோடு தரையாகப் படுத்து, முழங்கையால் நகர்ந்து போகும் பழக்கம் எனக்கு அதற்குள் வந்திருந்தது. பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால் முன்னும் பின்னும் உள்ள கல், புல் எல்லாம் கரைந்து, கேமராவுக்குக் குழப்பம் குறையும். ஆனால் தரையை ஒட்டித்தான் கானலும் அதிகம். அதனால் ரொம்பக் கிட்டே போக வேண்டும்.

பட்டாணி உப்புக்கொத்தி ஒன்று கூழாங்கற்களுக்கு நடுவே ஓடியது. ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். வழக்கமாக நான் ஓர் அடி நகர்ந்தால் அது பத்தடி ஓடும். அன்று அது ஓடவில்லை. என் பக்கமே வந்தது. பத்து மீட்டர், எட்டு, ஏழு. கத்திக்கொண்டே தரையில் அமர்ந்து, வாலை விசிறி போல விரித்து, ஒரு சிறகைத் தொங்கவிட்டது. பக்கவாட்டில், என் சென்சாருக்கு இணையாக, பாடம் நடத்துவது போல. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி அதே போஸ். விரித்த வாலின் வெள்ளையும் பழுப்பும் ஃபோகஸ் சென்சாருக்கு அல்வா. விரலை எடுக்கவே இல்லை நான். இருபது நிமிடம் இருக்கும். பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண், கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையம், வளையத்தின் மேடு பள்ளம்கூடத் தெரிந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

“ஏ பாப்பா... எந்திரி எந்திரி! இங்கிட்டு வா!”

கரை மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா கைகாட்டிக் கத்தினார். நான், ‘சும்மா இருங்க’ என்று சைகை செய்தேன். அவர் விடவில்லை. இறங்கி வந்து, பத்தடி தள்ளியே நின்றுகொண்டு சொன்னார்: “அது நடிக்குது பாப்பா. ரெக்க ஒடஞ்ச மாதிரி நடிச்சு உன்ன அங்க இழுத்துக்கினு போவுது. முட்ட கெடக்கும் இங்கதான். கால் வக்கிற எடம் பாத்து வா.”

எழுந்து, வந்த தடத்திலேயே திரும்பி நடந்தேன். ஆயாதான் கையை நீட்டிக் காட்டினார். என் முழங்கை பதிந்த தடத்துக்கும் அதற்கும் இடையில் இரண்டு அடிகூட இல்லை. கூடு என்று ஒன்றும் இல்லை. தரையில் ஒரு சின்னக் குழி. மணல் நிறத்தில் கறும்புள்ளி போட்ட நான்கு முட்டைகள். கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக. காட்டிய பிறகும் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் காணவில்லை.

கரைப்பறவை என்றால் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்துபோவது என்றே நான் நினைத்திருந்தேன். பட்டாணி உப்புக்கொத்தியில் நம் ஊரிலேயே வாழ்ந்து, கோடை தொடங்கும்போது இப்படி வெட்டவெளியில் முட்டையிடும் வகையும் உண்டு. ஆள்காட்டியும் அப்படித்தான். வெட்டவெளியில் முட்டைக்குக் குளிர்தான் எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. பங்குனி வெயிலில் சூடுதான் எதிரி. தாயும் தந்தையும் மாறி மாறி வந்து நிழல் கொடுக்க வேண்டும். ஏரியில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டை மேல் அமர்ந்து குளிர்விக்கவும் செய்கின்றன. மணி அப்போது பத்து. அந்த இருபது நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடந்தன. நிழல் தர வேண்டியது என் முன்னால் சிறகொடிந்த நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. நான் அதற்கு ஃபோகஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருவரும் கரைக்கு ஏறி ஒரு வேலமர நிழலில் உட்கார்ந்தோம். ஆயா வெற்றிலையை எடுத்துக்கொண்டே, “ஆக்காட்டின்னா மேல வந்து கொத்துற மாதிரி பாயும். இது சின்னது, பாவம், நடிக்கத்தான் தெரியும்” என்றார். சங்கப் பாடல்களில் வழிப்போக்கர்களுக்குக் குரல் கொடுத்து எச்சரிக்கும் ‘கணந்துள்’ என்ற பறவை இந்த ஆள்காட்டிதான் என்று சொல்பவர்கள் உண்டு. அன்று எனக்கு எச்சரிக்கை கொடுத்த குரல் ஆயாவினுடையது. ஐந்து நிமிடத்துக்குள் உப்புக்கொத்தி ஓடி ஓடி நின்று, ஒரு கல்லுக்குப் பக்கத்தில் அமர்ந்தது. அமர்ந்ததும் காணாமல் போனது. எனக்கு மூச்சு வந்தது.

சென்னைக்கு வந்து சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்கு விளக்கம் சொல்லும் இடத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். துப்பாக்கி வேண்டியதில்லை. இயற்கைப் புகைப்படப் போட்டிகள் பலவற்றில் கூட்டருகே எடுத்த படங்களை ஏற்பதே இல்லை. பறவை நம்மை நோக்கி வந்து கத்தினாலோ, சிறகைத் தொங்கவிட்டாலோ, சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தாலோ, அது போஸ் இல்லை. வந்த வழியே, தரையைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், ஏரிக்குள் இறங்குவதற்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இது என் டிப்ளமோவில் இல்லாத பாடம்.

மீட்டிங்கில் அந்தப் படத்தைக் காட்டினேன். “செம! இதுதான் கவர்!” என்றார் எங்கள் டிசைனர். கதையைச் சொன்னேன். எடிட்டர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, “வேற என்ன இருக்கு?” என்றார். தலைப்பில் ஒரு ஷார்ப் போட்டோகூட இல்லை என்று போட்டிருப்பது, வெளியிடும்படி இல்லை என்ற அர்த்தத்தில்தான்.

இந்தக் கட்டுரையோடு நீங்கள் பார்ப்பது பிப்ரவரியில் கோமுகி அணையோரம் காலை ஏழு மணிக்கு எடுத்தது. நெடுங்கால் உள்ளான்கள் ஆறு, இளஞ்சிவப்புக் கால்களோடு தண்ணீரில் நிற்கின்றன. நூறு அடிக்கு மேல் தூரம். ஃபோகஸ் கொஞ்சம் பின்னால் விழுந்திருக்கிறது; மூன்றாவது பறவை மட்டும் ஓரளவு தெளிவு. பெரிதாக்கிப் பார்க்காதீர்கள்.

ஏப்ரலில் ஒருமுறை, லென்ஸ் இல்லாமல், ஸ்டுடியோ அண்ணாவிடம் பைனாகுலர் இரவல் வாங்கிக்கொண்டு அந்த ஏரிக்கரைக்குப் போனேன். ஆயா அதே வேலமரத்தடியில் இருந்தார். “பொரிச்சிடுச்சு பாப்பா, மூணு குஞ்சு. பஞ்சு உருண்ட மாதிரி ஓடுதுங்க” என்றார். அரைமணி நேரம் தேடினேன். ஒன்றைத்தான் பார்த்தேன். அதுவும், அது ஓடியதால்.